ஐந்தாம் சக்கரம்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரத்தில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வாழும் எங்கள் தங்கை மகன் தொலைபேசியில் அழைத்தான். நலம் விசாரித்து முடிந்ததும், "மாமா, என் பிக்கப் வண்டிக்கு ஒரு ஃபிப்த் வீல் வாங்க வேண்டும். கடையில் பத்து வகை காட்டுகிறார்கள். எதை எடுப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றான். செம்பூர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்த அண்ணன் தம்பி இருவராகிய நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கணினித் துறையில் பெரிய உத்தியோகம் பார்க்கும் பிள்ளை, லாரிப் பிழைப்பை விட்டுப் பல்லாண்டு கழிந்த கிழவர்களிடம் வந்து கேட்கிறானே என்ற வியப்பு ஒருபுறம். அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டதில் மனத்துக்குள் எழுந்த கலக்கம் மறுபுறம்.

ஐந்தாம் சக்கரம் என்றால் உதிரியாகத் தொங்கவிடும் சக்கரம் என்றே நம்மவருள் பலர் எண்ணுவர். அதுவன்று. முன்னே இழுத்துச் செல்லும் வண்டியையும் பின்னே பாரம் சுமக்கும் டிரெய்லரையும் இணைக்கும் இரும்புத் தட்டுக்கே அப்பெயர். முற்காலத்தில் மேல்நாட்டுக் குதிரை வண்டிகளில் முன்னச்சு திரும்புவதற்கென்று அதன்மேல் கிடையாக ஒரு வளையம் வைத்தனர். நான்கு சக்கரங்களோடு அதனை ஐந்தாவதாக எண்ணினர். வண்டி மாறியும் பெயர் மாறவில்லை. டிரெய்லரின் அடிவயிற்றில் முளைபோல் தொங்கும் ஆணிக்குக் கிங்பின் என்று பெயர். தட்டின் பின்புறப் பிளவின் வழியே அந்த ஆணி நுழைந்ததும், தட்டுக்குள் இருக்கும் தாடைகள் அதனைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும். நம் தமிழில் மாட்டை வண்டியில் பூட்டுவது என்கிறோம்; கதவைப் பூட்டுவது என்றும் சொல்கிறோம். இவ்விரு வேலையையும் ஒருங்கே செய்யும் இக்கருவிக்குப் பூட்டு என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

1989ஆம் ஆண்டில் நவசேவாவில் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் திறக்கப்பட்டது. அதன்பின் கன்டெய்னர் பெட்டிகளை ஏற்றிச்செல்ல டிரெய்லர்களுக்குத் தேவை பெருகிற்று. அதுவரை மாகுல் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைகளை நம்பி லாரித் தரகு பார்த்து வந்த நாங்கள், 1996இல் துணிந்து இறங்கினோம். முன்வண்டி பழைய அசோக் லேலண்டு. டிரெய்லரும் பழையதே, களம்போலி இரும்புச் சந்தைப் பக்கம் வாங்கியது. ஓட்டுவதற்கு வெளியாள் தேடவில்லை. தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, நாமக்கல் லாரிகளிலேயே வளர்ந்தவர். பணத்துக்கு எங்கள் சேமிப்பு பாதி. மீதி, தங்கையின் எட்டுப் பவுன் சங்கிலி. இன்று டெக்சாசிலிருந்து பேசும் பிள்ளைக்கு அன்று நான்கு வயது.

முன்வண்டியில் இருந்த தட்டு விரிசல் கண்டிருந்ததால் வேறொன்று பூட்ட வேண்டியிருந்தது. குர்லாவில் பழைய உதிரிச் சாமான்கள் விற்கும் ஒருவரிடம் ஒன்று கிடைத்தது. புதிதின் விலையில் பாதிக்கும் குறைவு. கறுப்பு வண்ணம் பூசிப் பளபளவென்று இருந்தது. முன்பணமும் கொடுத்துவிட்டோம். கொடுத்த பிறகே, பார்த்துச் சொல்லும்படி தாராவி மேஸ்திரியை அழைத்துப் போனோம். முதலில் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு யோசனை கேட்பது எங்கள் குடும்ப வழக்கம்.

அந்த மேஸ்திரி திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். தாராவியில் தொண்ணூறடிச் சாலைக்கு அருகே தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்தார். படிப்பு குறைவு; கை நிதானம் மிகுதி. குர்லாவுக்கு வரும்போது கடைசலில் பிடித்த இரண்டங்குலக் கம்பித் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். தட்டின் தாடைகளுக்குள் அதனை விட்டுப் பூட்டினார். பிறகு சுண்டுவிரலால் அதனை ஆட்டிக் காட்டினார். கடகடவென்று ஆடிற்று. "தம்பிமாரே, பெயிண்டு புதுசு, பல்லு கிழடு" என்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். விற்பவர் எத்தனையோ சமாதானம் சொன்னார். மேஸ்திரி வாய் திறக்கவில்லை.

வரும் வழியில்தான் விளக்கினார். தாடைக்கும் ஆணிக்கும் இடையில் இடைவெளி இருந்தால், வண்டி புறப்படும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பின்பாரம் முழுவதும் சம்மட்டிபோல் அந்த இடத்தில் அடிக்கும். அடிக்க அடிக்க இடைவெளி இன்னும் பெரிதாகும். ஆணியும் தேயும். புதிய இரண்டங்குல ஆணியின் விட்டம் 50.8 மில்லிமீட்டர், 49க்குக் கீழே தேய்ந்தால் தள்ளிவிட வேண்டும் என்பது இத்தொழிலில் உள்ள கணக்கு. மிகக் கனமான பாரங்களுக்கு மூன்றரை அங்குல ஆணியும் உண்டு. அதற்குத் தட்டே வேறு.

பூட்டின் வலிமையைப் பற்றி மேஸ்திரி சொன்னதைப் பின்னாளில் பொறியியல் நூல்களில் கண்டு வியந்தோம். நாற்பது டன் வண்டிக்கு நாற்பது டன் பூட்டு என்று எண்ணுவது பேதைமை. தட்டின்மேல் அமரும் பாரம் ஒரு கணக்கு. ஓட்டத்தில் முன்னும் பின்னும் இழுபடும் விசை மற்றொரு கணக்கு. இரண்டாவதற்கு டி மதிப்பு என்று பெயர். தட்டின்மேல் அமரும் 10 டன்னையும் சேர்த்து முன்வண்டி 17 டன், டிரெய்லர் 33 டன், ஆக மொத்தம் 40 டன் என்று வைத்துக்கொள்வோம். 17ஐ 33ஆல் பெருக்கி, அதில் பத்தில் ஆறு பங்கெடுத்து, 40ஆல் வகுத்து, புவியீர்ப்பின் 9.81ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 83 கிலோநியூட்டன் வரும். தட்டில் பொறித்த எண் இதற்குக் குறையக் கூடாது. மேஸ்திரிக்கு இக்கணக்கெல்லாம் தெரியாது. ஆயினும், "எவ்வளவு சுமக்கும், எவ்வளவு இழுக்கும், ரெண்டையும் தனித்தனியாக் கேளுங்க" என்று சொன்னது அவர்தான்.

அவர் மிகவும் பிடிவாதம் காட்டியது தட்டை வைக்கும் இடத்தைப் பற்றியே. பின்னச்சுக்கு நேர்மேலே வைத்தால் போதும் என்பது எங்கள் எண்ணம். அவரோ சில அங்குலங்கள் முன்தள்ளி வைக்க வேண்டும் என்றார். "ஊர்ல ஏத்தம் இறைச்சிருக்கீகளா? மிதிக்கிறவன் பின்னால போனா முன்னால தூக்குமா தூக்காதா?" என்று கேட்டார். தட்டு பின்னச்சைத் தாண்டிப் பின்னே போனால் முன்சக்கரங்கள் மேல் இருக்கும் பாரம் குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். போர் காட்டில் திருப்பத்துக்குத் திருப்பம் இறங்கும்போது அந்த லேசு எமனாகும். சற்று முன்தள்ளினால் பாரத்தில் ஒரு பங்கு முன்னச்சுக்குப் போய்ச் சேரும். பின்னச்சின் சுமையும் குறையும். நான்கு டயர் கொண்ட ஓரச்சுக்கு அன்று சட்டம் அனுமதித்தது 10.2 டன், 2018 ஜூலையில்தான் அது 11.5 டன்னாக உயர்ந்தது. ஆனால் மிகுதியாக முன்தள்ளவும் முடியாது. திரும்பும்போது டிரெய்லரின் மூக்கு ஓட்டுநர் அறையின் முதுகில் இடித்துவிடும்.

புதிய தட்டு வாங்குவதென்றால் குர்லாவில் கொடுத்த முன்பணம் போயிற்று; டயர் மாற்ற வைத்திருந்த பணமும் போயிற்று. அன்றிரவு நெடுநேரம் கணக்குப் பார்த்தோம். அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த தங்கை வெளியே வந்து, "சங்கிலி போனது போனதுதான். அது எந்த இரும்புக்குப் போனால் என்ன? அவர் இருக்கிற இரும்புக்கே போகட்டும்" என்றாள். மறுநாள் புதிய தட்டு வாங்கினோம். பழைய டயர்களோடு மேலும் எட்டு மாதம் ஓட்டினோம். அது புத்திசாலித்தனமன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

தட்டைப் பூட்டி முடித்த மேஸ்திரி கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு, அதிலிருந்தே ஒரு டார்ச் விளக்கை வாங்கி வந்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். "இதுவும் பூட்டுல சேர்ந்ததுதான் மாப்ளே. காதை நம்பாதீங்க, கண்ணை நம்புங்க" என்றார். சேடா நகர் முருகன் கோயில் வாசலில் பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்தினோம். அன்று முதல் சாப்பாட்டு அடுக்கை நிரப்பும்போதே டார்ச்சின் பாட்டரியையும் எரித்துப் பார்த்து வைப்பது தங்கையின் வேலையாயிற்று.

1998ஆம் ஆண்டு ஆடி மாதத்து மழையிரவு. நவசேவாவில் இறங்கிக் களம்போலியில் நிறுத்தியிருந்த கன்டெய்னரை வடாலாவுக்குக் கொண்டுவர வேண்டும். எங்களில் இளையவரும் மாப்பிள்ளையோடு போயிருந்தார். டிரெய்லரை முந்தி விட்டுச்சென்ற வேறோர் ஓட்டுநர் அதன் தாங்குகால்களை வேண்டியதற்கு மேல் உயர்த்தி வைத்திருந்தார். மாப்பிள்ளை பின்னுக்கு எடுத்தார். டக்கென்று பழகிய ஓசை கேட்டது. கைப்பிடியும் உள்ளே போயிற்று. முன்னுக்கு மெல்ல இழுத்துப் பார்த்தார். டிரெய்லர் பிடித்துக்கொண்டு நின்றது. மழை கொட்டுகிறது, பின்னால் இரண்டு வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. "பூட்டிவிட்டது, ஏறுங்கள்" என்று எங்களவர் அவசரப்படுத்தினார். மாப்பிள்ளை பதில் பேசாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு சேற்றில் குனிந்து அடியில் புகுந்தார்.

தட்டுக்கும் டிரெய்லரின் அடிப்பரப்புக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தது. பூட்டியிருந்தால் ஒளி ஊடுருவக் கூடாது. கிங்பின் தாடைகளுக்குள் இறங்காமல், அவற்றின்மேலேயே தொற்றிக்கொண்டு நின்றது. இழுத்துப் பார்த்தபோது நின்றதும் அந்தத் தொற்றலால்தான். உயரம் தவறினால் இப்படி நேரும் என்பதையும், இழுத்துப் பார்க்கும் சோதனை ஒன்றுமட்டும் அதனைக் காட்டிக்கொடுக்காது என்பதையும் அன்றுதான் கண்ணால் கண்டோம். டிரெய்லரின் மேடை எப்போதும் தட்டைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். வண்டி பின்னே வரும்போது தட்டு அதனைத் தூக்கி எடுக்க வேண்டும். தாங்குகால்களை இறக்கி, முறைப்படி மீண்டும் பூட்டினார். வாசிப் பாலத்தைக் கடந்து மான்கூர்டு வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. சாலையை ஒட்டி மழைக்குப் பிளாஸ்டிக் விரித்த குடிசைகள். எங்களவர் வழிநெடுக அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

மாப்பிள்ளை 2011இல் நோயுற்று மறைந்தார். அதற்கு முன்னரே வண்டியை விற்றுவிட்டோம்.

இனிப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். அந்நாட்டில் பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்குள்ளேயே இப்பூட்டைப் பொருத்தி, வீடு போன்ற டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். அவன் பார்த்துவைத்திருந்த டிரெய்லர் நிறைபாரத்தில் 12,000 பவுண்டு. 20,000 பவுண்டு தாங்கும் பூட்டாக எடுத்துவிட்டால் கவலையில்லை என்பது அவன் கருத்து. "பூட்டு தாங்கும் அப்பா, வண்டி தாங்குமா?" என்று கேட்டோம். இவ்வகை டிரெய்லர்களில் மொத்த எடையில் 15 முதல் 25 விழுக்காடு வரை ஆணியின் வழியாக வண்டியின்மேலேயே இறங்கும். 20 விழுக்காடு என்றாலே 2,400 பவுண்டு. அதன்மேல் பூட்டின் எடை, மனைவி, குழந்தைகள், சாமான். ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டை வாசிக்கச் சொன்னோம். வண்டி சுமக்கக்கூடியது 1,900 சொச்சம் என்று வாசித்துவிட்டுச் சற்று நேரம் மௌனமாக இருந்தான். அவனுடைய தொட்டி நீளம் குறைந்த தொட்டி வேறு. டிரெய்லரின் மூலை கண்ணாடியில் இடிக்காமலிருக்க, திரும்பும்போது பின்னே நகர்ந்துகொடுக்கும் வகைப் பூட்டு வேண்டும் என்பதையும் சொன்னோம்.

"டிரெய்லருக்கு முன்பணம் கட்டிவிட்டேன் மாமா" என்றான்.

"போனால் போகட்டும். குர்லாவில் எங்கள் பணமும் இருக்கிறது" என்றோம்.

அதுவரை பேசாதிருந்த தங்கை தொலைபேசியைக் கையில் வாங்கினாள். பூட்டைப் பற்றியோ டிரெய்லரைப் பற்றியோ அவள் எதுவும் கேட்கவில்லை. வண்டியில் டார்ச் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். கைப்பேசியிலேயே விளக்கு இருக்கிறதம்மா என்றான் அவன். "அது வேண்டாம். பாட்டரி போடுகிற மாதிரி தனியாக ஒன்று வாங்கு" என்று சொல்லிவிட்டு, குழந்தைகளைப் பேசச் சொன்னாள்.