மூன்று நிமிடம் எதிர்காற்று

2022 இல் பெற்றோல் வரிசை நீண்டபோதுதான் எங்களில் கனபேர் திரும்பவும் சைக்கிளில் ஏறினோம். வரிசை முடிந்த பிறகும் நாங்கள் நாலு பேர் இறங்கவில்லை. ஞாயிறு விடிய யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டு, பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, ஊர்காவற்றுறை எண்டு போய், வெயில் ஏற முதல் வீட்டுக்கு வந்துவிடுவோம். ஒரு பழைய ரேசிங் சைக்கிள், ரெண்டு கியர் சைக்கிள், ஒரு லுமாலா. இவ்வளவுதான் எங்கட அணி.

சேர்ந்து வெளிக்கிடுவோமே தவிர சேர்ந்து போனதில்லை. எங்களில் ஒருத்தி எப்பவும் கடைசி. ஒவ்வொரு சந்தியிலும் நின்று, தண்ணி குடித்து, கதைத்துக்கொண்டு அவளைப் பார்த்திருப்போம். அவள் வந்து சேர்ந்த உடனே "சரி, வெளிக்கிடுவம்" எண்டு ஏறிவிடுவோம். களைத்து வந்தவளுக்கு ஓய்வில்லை, முதலே வந்து நின்ற எங்களுக்குத்தான் ஓய்வு. இது மாதக்கணக்காக எங்களுக்கு உறைக்கவேயில்லை. ஒருநாள் அவள், "எனக்காக நிக்காதேங்கோ, நீங்கள் போங்கோ" எண்டாள். அடுத்த ஞாயிறு வரவில்லை.

வேகம் வேணுமெண்டால் இன்னும் தூரம் ஓட வேணும் எண்டுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தோம். தூரம் ஓடினால் தாக்குப்பிடிக்கிற பலம் வரும். ஆனால் வேகத்துக்கு எதிரி காற்று. மணிக்கு 25 கிலோமீற்றரில் போறவர் 30 இல் போக வேணுமெண்டால், காற்றைத் தள்ள மட்டும் கிட்டத்தட்ட 1.7 மடங்கு சக்தி வேணும். ஆறுதலாக உழக்கிப் பழகின உடம்புக்கு அது திடீரெண்டு வராது. இதயமும் நுரையீரலும் தங்கட எல்லைக்குக் கிட்டப் போய்ப் பழக வேணும். அந்த எல்லையில் ஒரேயடியாகக் கனநேரம் நிற்க ஏலாது. அதனால் அதைத் துண்டுதுண்டாக உடைத்து, நடுவில் ஓய்வு வைக்கிறார்கள். இதுதான் இன்டர்வல் பயிற்சி.

1996 இல் யப்பானிய ஆய்வாளர் இசுமி தபாதா வெளியிட்ட ஆய்வில், அசையாத சைக்கிளில் 20 செக்கன் முழுமூச்சாக உழக்கி, 10 செக்கன் ஓய்வு எடுப்பார்கள். ஏழெட்டுத் தரத்தில் ஆள் முடிஞ்சுது. நாங்கள் அவ்வளவுக்குப் போகவில்லை. எங்கட கணக்கு இதுதான்: பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குவது. பிறகு மூன்று நிமிடம் கடுமையாக, மூன்று நிமிடம் ஆறுதலாக. இப்படி ஐந்து தரம். கடுமை எண்டால், ஒரு சொல்லுக்கு மேல் கதைக்க ஏலாத அளவு.

முதல் கிழமை ஆசையில் நாலு நாள் செய்தோம். முதல் சுற்றிலேயே சீறிப் பாய்ந்து, நாலாவது சுற்றில் கால் கல்லாகி, வீட்டில் படி ஏற முடியாமல் கிடந்தோம். பிறகுதான் விளங்கியது: கிழமைக்கு இரண்டு நாள் போதும், அதுவும் அடுத்தடுத்த நாளில்லை. ஐந்தாவது சுற்றும் முதல் சுற்றின் வேகத்திலேயே முடிய வேணும். உடம்பு பலமாவது ஓய்வு நாட்களில்தான். விடிய ரியூசன், பின்னேரம் ரியூசன் எண்டு வளர்ந்த எங்களுக்கு, சும்மா இருப்பதும் பயிற்சிதான் எண்டதை நம்பக் கஷ்டமாக இருந்தது.

அவளை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டோம். "ஒருக்கா வந்து பார்" எண்டோம்.

பண்ணையில் சோளகக் காற்று வீசுகிற காலம். வேலணைப் பக்கம் முகத்தில் அடிக்கிற காற்றுக்குள் மூன்று நிமிடம். போனில் மணி அடித்ததும் ஓரங்கட்டி, பின்னுக்கு வாகனம் பார்த்து, ஆளாள் நிற்கிற இடத்திலேயே திரும்புவது. திரும்பினதும் அவள் எங்களுக்கு முன்னுக்கு. முதுகில் காற்றோடு நாங்கள் போய் அவளைப் பிடிக்க, நாலு பேரும் கதைத்துக்கொண்டே தொடங்கின இடத்துக்கு வந்துவிடுவோம். அவளுக்கும் எங்களுக்கும் ஒரே அளவு களைப்பு, ஒரே அளவு ஓய்வு. ஒருத்தரும் ஒருத்தருக்காகவும் நிற்கத் தேவையில்லை.

இரண்டு மாதத்துக்குப் பிறகு ஊர்காவற்றுறைக்குப் போனோம். எல்லாருக்கும் வேகம் கூடியிருந்தது. அவள் இப்பவும் கடைசிதான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். சந்தியில் அவள் வந்து சேர்ந்ததும் ஒருத்தன் பழக்கதோசத்தில் பெடலில் கால் வைத்தான்.

"பொறு, மூண்டு நிமிசம்" எண்டாள், தண்ணிப் போத்தலைத் திறந்துகொண்டே.

பொறுத்தோம்.