அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குத் தயாராவது

அமெரிக்கக் குடியுரிமைக்கான குடிமையியல் தேர்வில் வினாத்தாள் கிடையாது. எதிரே அமர்ந்திருக்கும் குடிவரவு அதிகாரி ஆங்கிலத்தில் கேட்பார். விண்ணப்பித்தவர் வாயால் பதில் சொல்ல வேண்டும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 வரை கேட்கப்படும். 12 சரியாக இருந்தால் தேர்ச்சி. அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய முறைதான்: 100 கேள்விகளிலிருந்து 10, அவற்றில் 6 சரியாக வேண்டும்.

கேள்விகளும் விடைகளும் முன்கூட்டியே வெளியிடப்பட்டிருப்பதால் மனப்பாடம் செய்தால் போதும் என்று தோன்றும். ஆனால் கதை தெரியாமல் உருப்போட்டது, பதற்றத்தில் முதலில் மறந்துபோகும். வாக்குரிமை பற்றிய அரசமைப்புத் திருத்தங்கள் நான்கு. அவற்றில் ஒன்றை விளக்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு. 1870இல் இனத்தின் பேரால் வாக்கை மறுக்கத் தடை வந்தது. 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1964இல், கூட்டரசுத் தேர்தல்களில் வாக்களிக்க வரி கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒழிந்தது. 1971இல் வாக்களிக்கும் வயது 18 ஆனது. வாக்கு யார் யார் கைக்கு எப்படி வந்தது என்று ஒரே வரலாறாகப் படித்தவருக்கு நான்கும் சேர்ந்தே நினைவில் நிற்கும்.

குடிமையியலைத் தவிர, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைப் படிக்கவும் ஒன்றை எழுதவும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. இவற்றையெல்லாம்விடப் பலரைத் திணறவைப்பது என்-400 விண்ணப்பப் படிவம்தான். ‘எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா’, ‘விசுவாசப் பிரமாணம் எடுக்கத் தயாரா’ போன்று அதிலுள்ள கேள்விகளை அதிகாரி வரிசையாகக் கேட்பார். இடையில் ஒரு சொல்லைக் காட்டி அதன் பொருளையும் கேட்பதுண்டு.

வயதில் மூத்தவர்களுக்குச் சலுகை உண்டு. 50 வயதாகி 20 ஆண்டுகள், அல்லது 55 வயதாகி 15 ஆண்டுகள் கிரீன் கார்டில் வாழ்ந்தவர்கள் மொழிபெயர்ப்பாளர் உதவியோடு தமிழிலேயே பதில் சொல்லலாம். 65 வயதாகி 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு 20 கேள்விகள் கொண்ட சிறு பட்டியலே போதும். ஆனால் பிள்ளைகள் அழைத்து, அறுபதைத் தாண்டி வந்த பெற்றோர் பலருக்கு இந்தக் கணக்கு எட்டாது. ஐந்தாண்டு முடிந்ததும் விண்ணப்பித்தால் அவர்கள் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், பேச வேண்டும். யூடியூப் வீடியோவைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவது அவர்களுக்குப் போதாது. தினமும் மாலையில் கொஞ்ச நேரம் மகனோ பேத்தியோ அருகில் உட்கார்ந்து, கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டு, அவர்களை வாய்விட்டுப் பதில் சொல்ல வைக்க வேண்டும்.

தேறாவிட்டால் 60 முதல் 90 நாட்களுக்குள் மறுவாய்ப்பு உண்டு. தவறிய பகுதியில் மட்டும் மீண்டும் தேறினால் போதும். கேள்விகளில் வரும் அதிபர், ஆளுநர், செனட்டர், சபாநாயகர் ஆகியோரின் பெயர்கள் தேர்தலோடு மாறக்கூடியவை. பழைய புத்தகத்தை நம்பாமல், நேர்காணலுக்கு முந்தைய வாரம் அவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.