எந்த மாதத்துப் பச்சை?

மரத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று நம்மில் பலருக்கும் தோன்றுவது அது பூத்திருக்கும்போதுதான். கொன்றை மஞ்சளாய்ச் சொரிகிறது, கொழும்பு வீதியோரத்து ரொபரோசியா இளஞ்சிவப்பாய் நிற்கிறது என்றால் உடனே கைபேசியை எடுத்துவிடுகிறோம். பூ உதிர்ந்ததும் மரம் மறந்துபோகிறது. அப்படி எடுத்த படம் பூவைப் பற்றிச் சொல்லும். மரத்தைப் பற்றி அதிகம் சொல்லாது. ஒரு மரத்தை அறிய ஒரு வருடமாவது வேண்டும். இதை நான் கலையார்வத்தினால் கற்றவனல்லன். ஒரு காணித்துண்டின் பொருட்டுக் கற்றுக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் நான்கு பருவங்கள் இருந்தன. இலைகள் சிவந்து கொட்டும் ஒரு பருவம், வெண்பனி மூடிய ஒரு பருவம். கடைக்காரர்கள் தரும் கலண்டர்களிலும் அதே படங்கள்தாம். இவற்றைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, நமது மரங்களுக்குப் பருவமே இல்லை, எப்போதும் பச்சைதான் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. எங்கள் மன்னார்ப் பகுதியில் பருவத்துக்குக் காற்றின் பெயர். ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை மழை. அதன் பிற்பகுதியோடு சேர்ந்து வீசுவது வாடை. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை சோளகம். தென்மேற்கிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு வரும் அந்தக் காற்று, எங்களுக்குப் புழுதியைத்தான் கொண்டுவரும்.

மரங்கள் இந்தக் கணக்கைத் தப்பாமல் வைத்திருக்கின்றன. வேம்பு மார்ச் மாதமளவில் பழைய இலைகளைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர் விடும். ஏப்ரலில் வெண்பூ பூத்து, வளவு முழுக்க மணக்கும். பெப்ரவரியிலும் மார்ச்சிலும் புளி பழுத்துத் தொங்கும். ஜூன், ஜூலையில் பாலைப்பழம். அதைத் தேடிக் கரடிகள் வரும். முசலிப் பிரிவில் கரடிக்குளி என்றே ஓர் ஊர் இருக்கிறது. விடத்தல் முதலான முட்புதர்கள் மழையில் தழைத்து, ஓகஸ்ட் மாதத்தில் இலையிழந்து சாம்பல் நிறமாகிவிடும்.

எங்கள் ஊர் முசலியின் தென்பகுதியில் உள்ள சிறிய கிராமம். 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினாறு வயது. எடுத்துச் செல்ல முடிந்தவை சில உடுப்புகளும் கொஞ்சப் பணமும்தான். ராத்தாவின் கலியாணப் படங்கள் இருந்த அல்பம் அலுமாரிக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த ஒக்டோபரில் முதல் மழை விழுந்து புழுதி அடங்கியிருந்தது. ஆகவே புத்தளத்து முகாமில் இருந்த காலமெல்லாம் என் மனதில் இருந்த ஊர், மழை கழுவிய ஊர்தான். வேறு மாதத்தில் அது எப்படி இருக்கும் என்பதை மெல்ல மெல்ல மறந்துபோயிருந்தேன்.

2002இல் யுத்தநிறுத்தம் வந்தபின், ஓகஸ்ட் விடுமுறையில் சாச்சாவோடு ஊர் பார்க்கப் போனேன். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய பிலிம் கெமரா கையில் இருந்தது. ஒரு றோலில் முப்பத்தாறு படம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கல்லும் கிணற்றுக்கட்டும் மிஞ்சியிருந்தன. பள்ளிவாசலில் ஒரு பக்கச் சுவர். இவற்றுக்கே முப்பது படம் போய்விட்டது. கடைசி ஆறையும் எங்கே எடுப்பது என்று நின்றபோது சாச்சா கையைப் பிடித்து இழுத்தார்.

“மரத்த எடு மகன். மூத்தாப்பா நட்ட புளி இது. சுவர் நாளைக்கு விழுந்திரும், இது நிக்கும்.”

ஆறு படங்களும் மரங்களுக்கே செலவாயின. புத்தளத்து ஸ்டூடியோவில் கழுவி எடுத்தபோது எல்லாப் படத்தின் மூலையிலும் செம்மஞ்சள் எழுத்தில் திகதி பதிந்திருந்தது. மண் வெளிறி, புதர்கள் சாம்பலாகி, நடுவில் புளியும் வேம்பும் மட்டும் பச்சையாக நின்ற அந்தப் படங்களை உம்மா நெடுநேரம் பார்த்தார். “எங்கட ஊரு இப்பிடிக் காஞ்சா போச்சு?” என்று கேட்டார். ஓகஸ்டில் அது எப்போதும் அப்படித்தான் இருந்தது. உம்மாவின் மனதிலும் நின்றிருந்தது ஒக்டோபர்தான்.

2009இல் யுத்தம் முடிந்து, கண்ணிவெடி அகற்றிய பாதை வழியாக மறுபடி போனபோது ஊர் முழுதாகக் காடாகியிருந்தது. இருபது வருடங்களில் மரம் என்னவெல்லாம் செய்யும் என்பதை அங்குதான் கண்டேன். முற்றத்தில் நாயுண்ணி, அடுப்படியில் வேம்பு. தென்னைகள் தலையிழந்து முண்டமாய் நின்றன. 2012 ஒக்டோபரிலும் 2017 மார்ச்சிலும் வெளியான வர்த்தமானி அறிவித்தல்கள் முசலியின் தென்பகுதியில் பரந்த நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்தன. காட்டை அழித்துக் குடியேறுகிறார்கள் என்று ஒரு பக்கமும், இது எங்கள் பூர்வீக ஊர் என்று மறுபக்கமும் பத்திரிகைகளில் எழுதப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். இரண்டு பக்கமும் படம் காட்டியது. பெரும்பாலான படங்களில் மரமும் பச்சையும் இருந்தன. எந்த மாதத்துப் பச்சை என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஐந்து வளவுகளுக்கு இந்தப் பிரச்சினை வந்தது. உறுதிகள் 1990இலேயே தொலைந்துவிட்டன. ஓர் அலுவலகத்துக்கு, டிசம்பரில் கைபேசியில் எடுத்த படங்களைக் கொண்டுபோனோம். மேசைக்கு அப்பால் இருந்தவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, “எல்லாமே பச்சைக் காடுதானே ஐயா, இதில் ஊர் எங்கே?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மழை மாதத்தில் புளிக்கும் புதருக்கும் படத்தில் வித்தியாசம் தெரியாது.

அன்றிரவு 2002ஆம் வருடத்துப் படங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஓகஸ்ட் படத்தில் ஊர் தெரிந்தது. சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு பச்சைக் கோடு போல வேலியோரத்து வேம்புகள், கிணற்றருகே புளி, அதற்கப்பால் மாமரம். அதிலிருந்துதான் மாதத்துக்கு ஒரு படம் என்ற வேலையைத் தொடங்கினேன்.

செய்முறை எளியது. பொறுமைதான் கடினம். கிணற்றுக்கட்டின் தெற்கு மூலையில் ஓர் அடையாளக் கல்லை வைத்தேன். ஒவ்வொரு மாதமும் அதே கல்லில் நின்று, அதே உயரத்தில், வடக்கு நோக்கி ஒரு படம், கிழக்கு நோக்கி ஒரு படம். காலை எட்டு மணிக்கு முன்னர் எடுத்தால் வெயில் பக்கவாட்டில் விழும். மரம் மரமாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே நிழலாகிவிடும். அசையாத ஒரு பொருள், எங்களுக்குக் கிணறு, ஒவ்வொரு படத்திலும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் இரண்டு படங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

டிஜிட்டல் கெமராவில் ஒரு படமும் கைபேசியில் ஒரு படமும் எடுப்பேன். கைபேசி, பச்சையைத் தானாகவே கூடுதல் பச்சையாக்கிவிடும். காய்ந்த புல்லைக்கூட அழகுபடுத்தும். ஆனால் எடுத்த நேரத்தையும் இடத்தையும் அது படத்துக்குள்ளேயே எழுதி வைக்கிறது. கெமராவில் நிறம் நேர்மையாக வந்தது, இடம் பதியவில்லை. ஆகவே இரண்டும் தேவைப்பட்டன. இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்குவதோடு, உள்ளே எழுதப்பட்ட விபரமும் கழன்றுவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால்தான் மூலப்படம் அப்படியே போய்ச் சேரும். காணிப் பிரச்சினை உள்ளவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

பன்னிரண்டு மாதப் படங்களையும் தரையில் பரப்பி வைத்தபோது நிலம் தன் கதையைத் தானே சொல்வதுபோல் இருந்தது. ஏப்ரல் படத்தில் வேம்புகள் வெளிறிய பூவோடு வேலியின் நீளத்தைக் காட்டின. பெப்ரவரிப் படத்தில் புளியங்காய்கள். ஓகஸ்ட் படத்தில் ஐந்து வளவுகளின் எல்லை. வேம்பு நின்றால் மட்டும் அது ஊராகிவிடாது என்பதும் தெரிந்தது. வேப்பம்பழம் தின்று பறவை விதைக்கும். புளியைக் குரங்கு விதைக்கும். ஆனால் பறவையும் குரங்கும் வரிசையாக, சம இடைவெளி விட்டு, கிணற்றைச் சுற்றி நடுவதில்லை.

அதே படங்கள் எங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லின. கிழக்குப் பக்கத்தில், எங்கள் ஐந்தாவது வளவுக்கு அப்பாலும் இரண்டு ஏக்கர் வரையில் எங்களுடையது என்று சாச்சா சொல்லி வந்தார். அந்தப் பக்கத்துப் படங்களில் பன்னிரண்டு மாதமும் கரும்பச்சையாய் நின்றவை பாலையும் வீரையும். ஜூலைப் படத்தில் பாலை பழுத்திருந்தது. பருத்த அடிமரங்கள். பாலை மிக மெதுவாக வளரும் மரம். இருபது வருடத்தில் அந்தப் பருமன் வராது. யாரும் அதை வேலிக்கு நடுவதுமில்லை. அது எங்களுக்கு முன்னமே காடாக இருந்த நிலம்.

சாச்சா அந்தப் படங்களைக் கையில் எடுத்து ஒதுக்கி வைத்தார்.

“இதக் குடுக்க வேணாம் மகன். கேட்டாத்தான் காட்டணும்.”

“எல்லாப் பக்கமும் எடுத்ததுல ஒரு பக்கம் இல்லாட்டி, மத்தப் பக்கத்தயும் நம்ப மாட்டாங்க சாச்சா” என்றேன்.

“விறகு வெட்டினது, தேன் எடுத்தது எல்லாம் அங்கதான். அது எங்கட இல்லயெண்டா வேற யார்ர?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. காட்டோரத்தில் வாழ்ந்த ஊர்களுக்கு எல்லைக்கல் ஒன்றும், புழங்கிய எல்லை வேறொன்றுமாக இருந்தது. இரண்டாவது எல்லை எந்த உறுதியிலும் எழுதப்படவில்லை. ஆனால் காட்டைக் காடென்று நாம் ஒப்புக்கொள்ளாவிட்டால், ஊரை ஊரென்று மற்றவர்கள் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? படங்களை எடுத்தவன் நான். பிடித்தவற்றை மட்டும் பொறுக்கி அடுக்கினால் அது சாட்சியாகாது. இருபத்துநான்கையும் கோப்பில் வைத்தேன். சாச்சா இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கள ஆய்வுக்கு அவர்கள் செப்டெம்பரில் வந்தார்கள். சோளகம் வீசிக்கொண்டிருந்தது. படங்களைக் கையில் வைத்துக்கொண்டு கல்லில் நின்று பார்த்தார்கள். வேலி வேம்புகளை எண்ணினார்கள். புளியின் சுற்றளவை நாடாவால் அளந்தார்கள். கிழக்குப் பக்கம் திரும்பியபோது, நான் வாய் திறக்குமுன் சாச்சாவே முன்னால் வந்தார். ஊன்றுகோலை நீட்டி, “அந்தக் கடைசி வேம்பு வரைக்கும்தான் எங்கட. அங்கால பாலை. அது காடு” என்றார். அதற்குப்பின் அவர்கள் கேட்ட கேள்விகளின் தொனி மாறியதைக் கவனித்தேன். நான்கு வளவுகள் பழைய குடியிருப்பென்று குறிக்கப்பட்டன. ஐந்தாவதன் கோப்பு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

என் மகள் புத்தளத்தில் பிறந்தவள். எங்கள் ஊர் அவளுக்கு ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்கள் மட்டுமே உள்ள ஊர்; பாடசாலை விடுமுறையில்தான் அதைப் பார்த்திருக்கிறாள். எங்கள் பிள்ளைகளில் அநேகருக்கு இப்படித்தான். மீதி ஒன்பது மாதங்கள் அங்கே வசிப்பவர்களுக்குரியவை. மாதப் படங்களை அவளிடம் காட்டியபோது, “வாப்பா, பெப்ரவரியில புளி இப்பிடியா காய்க்கும்?” என்று கேட்டாள். தன் மூத்தாப்பாவின் தகப்பன் நட்ட மரம் காய்ப்பதை அவள் படத்தில்தான் முதலில் கண்டாள். மறு வருடம் பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் புறப்பட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கல்லில் ஏறி நின்று தன் கைபேசியில் அவளே எடுத்தாள். இப்போது அந்த வேலை அவளுடையது. எந்த மாதம் தவறினாலும் என்னைவிட அவளுக்குத்தான் கோபம் வருகிறது.

நமது ஊர்களில், மையவாடியிலோ பள்ளிவாசல் முற்றத்திலோ, நம்மைவிட மூத்த மரம் ஒன்று நிச்சயம் நிற்கும். அதைப் பூக்கும் நாளில் ஒருமுறை எடுத்துவிட்டு நிறுத்த வேண்டாம். ஒரே இடத்தில் நின்று, மாதம் ஒன்றுக்கு ஒரு படம் எடுங்கள். படத்தின் பின்னால் திகதியை எழுதுங்கள். வழக்குக்கு அது தேவைப்படாமலே போகட்டும். அந்த மரம் எந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் போதும்.