பிளவக்கல் முதல் பாங்காக் ஊஞ்சல் வரை

வத்திராயிருப்பைத் தாண்டி, கூமாப்பட்டி வழியாக மேற்கே சென்றால், மலை வழிமறிக்கும் இடத்தில் பிளவக்கல் வந்துவிடுகிறது. பெரியாறு, கோவிலாறு என்று இங்கே இரண்டு அணைகள். பெரியாறு என்றதும் கேரளத்துப் பெரியாற்றை நினைத்துக்கொள்பவர் பலர். அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இது இம்மலையிலேயே பிறந்து, கண்மாய்களை நிரப்பி, அர்ச்சுனா நதி வழியே வைப்பாற்றைத் தேடிப் போகும் சிற்றாறு. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாத ஆண்டுகளில், மார்கழியில் அணை நிறைந்திருக்கும். வாய்க்காலில் நீர் ஓடும் ஓசை, விடியலுக்கு முன்பே தெருவரை கேட்கும். அந்த ஓசையோடு சேர்ந்துதான் இவ்வட்டாரத்து முதியவர்களின் திருப்பாவையும் ஒலித்து வந்திருக்கிறது.

கூமாப்பட்டியில் வாழும் ஒரு மூதாட்டியும் அவர்களில் ஒருவர். கால்கள் ஒத்துழைத்த காலம்வரை மார்கழியில் ஒருநாளேனும் முதல் பேருந்தைப் பிடித்து, கிருஷ்ணன்கோவில் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று ஆண்டாளைச் சேவித்துவிட்டு வருவார். பேரன் சிறுவனாக இருந்தபோது அவனையும் கைப்பிடித்து அழைத்துச் செல்வார். பதினொரு நிலைகளும் 192 அடி உயரமும் கொண்ட வடபத்ரசாயி கோபுரத்தை அண்ணாந்து பார்த்து அவன் கழுத்து வலிக்க நின்ற நாட்கள் உண்டு. நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில் பெரியாழ்வார் குழந்தையைக் கண்டெடுத்த இடத்தையும், சூடிய மாலையோடு அவள் அழகு பார்த்துக்கொண்ட கண்ணாடிக் கிணற்றையும் காட்டி, பாட்டி கதை சொல்வார். ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் பச்சைக்கிளி மட்டும் அவனுக்குப் பெரும் புதிர். அது அன்றாடம் புதிதாக இலைகளால் செய்யப்படுவது என்றும், மூக்குக்கு மாதுளம்பூ வைப்பார்கள் என்றும் சொன்னபோது, "நேத்து இருந்த கிளி எங்கே பறந்து போச்சு அப்பத்தா?" என்று கேட்டவன் அவன்.

அணைக்கரையில் வளர்ந்த அந்தப் பிள்ளை நீர்வளப் பொறியியல் படிக்க விரும்பியதில் வியப்பில்லை. தாய்லாந்தில், பாங்காக்கிற்கு வடக்கே உள்ள ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. புறப்படும்போது பாட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மார்கழியில் நாளுக்கு ஒரு பாசுரம் சொல்ல வேண்டும். அவனும் சத்தியம் செய்து கொடுத்தான்.

நான்கு நாட்கள் சொன்னான். ஐந்தாம் நாள் தேர்வுத்தாள் திருத்தி வந்தது. ஆறாம் நாள் உறங்கிவிட்டான். அப்புறம் நின்றே போயிற்று. தொலைபேசியில் பாட்டி கேட்டபோதெல்லாம், "சொல்லிக்கிட்டுதான் இருக்கேன் அப்பத்தா" என்றான்.

மார்கழி பத்தாம் நாள், விடுமுறையில் ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட நண்பர்கள் நால்வர் பாங்காக் நகரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். ஒருவன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஒருவன் விஜயவாடா. இன்னொருவன் நேபாளத்திலிருந்து வந்தவன்.

இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்நகரம் அயல்நாடு போலவே தோன்றாது. சுவர்ணபூமி என்று பெயர் சூட்டிய விமான நிலையத்தில் தேவரும் அசுரரும் வாசுகியைப் பிடித்துக் கடல் கடைகிறார்கள். 1782-இல் தொடங்கிய இப்போதைய அரச மரபின் மன்னர்கள் அனைவருக்கும் இராமன் என்ற பட்டப்பெயர் உண்டு. பழைய தலைநகர் அயுத்தயாவோ அயோத்தியின் பெயரைக் கொண்டது. அரண்மனை வளாகத்து மரகத புத்தர் ஆலயத்தின் சுற்றுச்சுவரில் இராமகாதை 178 ஓவியங்களாக விரிகிறது. நண்பர்கள் அங்கேயே இரண்டு மணி நேரம் செலவிட்டார்கள். அனுமன் வெள்ளை நிறத்தில் இருப்பதைக் கண்டு நேபாள நண்பனுக்கு ஒரே சிரிப்பு. அடுத்து, 46 மீட்டர் நீளத்தில் பள்ளிகொண்டிருக்கும் புத்தரைத் தரிசித்தார்கள். அந்தத் திருமேனியின் முன் நின்றபோது கூமாப்பட்டிப் பிள்ளைக்கு வடபத்ரசாயியின் நினைவு வந்தது. சயனத் திருக்கோலம் என்றால் அவனுக்கு அதுதான் அளவுகோல்.

மாலைவெயிலில் சுதத் ஆலயத்தின் எதிரே வந்தபோது, நடுச்சாலையில் செந்நிறத்தில் ஒரு பிரம்மாண்டமான தோரணம் நிற்பதைக் கண்டார்கள். தேக்கு மரத்தூண்கள், உச்சியில் வேலைப்பாடு மிக்க குறுக்குச்சட்டம். எதற்கான வாசல் இது என்று விஜயவாடா நண்பன் கேட்டான். அது வாசல் அன்று, ஊஞ்சல். ஊஞ்சற்பலகையும் கயிறும் இல்லாத ஊஞ்சல்.

முதலாம் இராமன் காலத்தில், 1784-இல், அதை நிறுவினார்கள். அருகிலேயே அதே காலத்தில் எழுந்தது தேவஸ்தான் என்னும் அந்தணர் ஆலயம். அங்கே சிவபெருமானுக்கும் விநாயகருக்கும் நாராயணனுக்கும் தனித்தனிச் சந்நிதிகள். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் சிவபெருமான் பத்து நாட்கள் மண்ணுலகுக்கு எழுந்தருள்வதாகவும், அதையடுத்து நாராயணன் ஐந்து நாட்கள் எழுந்தருள்வதாகவும் தாய்லாந்து மரபு நம்புகிறது. அவ்விழாவின்போது இளைஞர்கள் இந்த ஊஞ்சலில் வானளாவ ஆடி, மூங்கிற்கம்பத்தில் தொங்கும் நாணயப் பையைப் பல்லால் கவ்வி எடுப்பார்கள். அந்த ஆட்டம் 1935-ஆம் ஆண்டுக்குப் பின் நின்றுவிட்டது. மரம் பழுதுபட்டதால், புதிய தேக்குத் தூண்களை நிறுத்தி 2007-இல் புதுப்பித்தார்கள். ஆலயத்துக்குள் நடக்கும் வழிபாடு மட்டும் நின்றபாடில்லை. சிறிய ஊஞ்சலில் திருமேனிகளை எழுந்தருளச் செய்து தாலாட்டும் சடங்கும் அதில் உண்டு. மன்னருக்கு முடிசூட்டும்போது முன்னிற்பவர்களும் இவ்வாலயத்து அந்தணர்களே. 2019 மே மாத முடிசூட்டு விழாவிலும் அவர்களே முன்னின்றார்கள்.

அந்த விழாவின் பெயர்தான் கேட்பவரைத் திகைக்க வைக்கிறது. சிவனுக்கு உரியது திரியம்பவாய். நாராயணனுக்கு உரியது திரிபவாய்.

கைப்பேசியில் இதைத் தேடிப் படித்த யாழ்ப்பாணத்து நண்பன் மெல்ல இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். "திருவெம்பாவை!" என்றான் உரக்க. மார்கழியில் திருவாதிரைக்கு முந்தைய நாட்களில், விடியுமுன் சங்கு ஊதிக்கொண்டு திருவெம்பாவை பாடிச் செல்லும் ஊரில் பிறந்தவன் அவன். மற்றப் பெயரைக் கூமாப்பட்டிப் பிள்ளை சொல்ல வேண்டியிருந்தது. அவன் சற்றுத் தாமதமாகத்தான் சொன்னான்.

தமிழ்நாட்டு அந்தணர்கள் எக்காலத்திலோ கடல் கடந்து கொண்டுசென்ற பாடல்களின் பெயர்களே இவை என்று அறிஞர்கள் நிறுவியிருக்கிறார்கள். அங்கே ஓதப்படும் வரிகள் கிரந்த எழுத்து வழிவந்த ஏடுகளில் உள்ளன. உச்சரிப்பு, தமிழ்க்காதுக்கு எளிதில் பிடிபடாத அளவுக்கு மாறிவிட்டது. ஓதுபவர்களுக்குப் பொருள் தெரியாது. என்றாலும் தந்தையிடமிருந்து மகன், மகனிடமிருந்து பேரன் என்று, ஆண்டு தவறாமல் ஓதிவந்திருக்கிறார்கள். தலைநகரம் தீக்கிரையாகி இடம் பெயர்ந்தது. முடியாட்சியின் அதிகாரம் சுருங்கியது. ஊஞ்சல் கூட நின்றது. பாட்டு நிற்கவில்லை.

தமிழர் அந்நாட்டுக்குச் சென்றதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. தெற்கே தகுவாபா என்னும் இடத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற பெயரில் ஒரு குளம் வெட்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்து வணிகர்களின் காவலில் விடப்பட்டதையும் கூறுகிறது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். அயல்மண்ணில் இறங்கிய தமிழர்கள் குளம் வெட்டினார்கள் என்பதை, கண்மாய்க்கரையில் பிறந்தவர்கள் தனி மகிழ்ச்சியோடு படிக்கலாம்.

ஊஞ்சலடியில் பேச்சு நீண்டது. திருப்பாவை பாடியவள் யார் என்று விஜயவாடா நண்பன் கேட்டான். தான் சூடிய மாலையைப் பெருமாளுக்குக் கொடுத்தவள் என்று விடை வந்ததும், "ஆமுக்தமால்யதா!" என்றான் அவன். தெலுங்கின் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் அந்நூலை இயற்றியவர் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர். ஆந்திர விஷ்ணு கனவில் தோன்றி, தன் கதையைத் தெலுங்கில் எழுதுமாறு பணித்ததாக நூல் வரலாறு. அந்நண்பன் பள்ளிநாளில் அந்தப் பெயரைப் படித்திருக்கிறான். அவளுடைய ஊர், தன்னோடு விடுதியில் ஒரே அறையில் இருப்பவனின் ஊருக்குப் பக்கத்தில்தான் என்பது அன்றுவரை அவனுக்குத் தெரியாது. பக்கத்து ஊர்க்காரன் சொன்னதும் இல்லை.

இருட்டத் தொடங்கியது. கடைத்தெருக்களில் கிறிஸ்துமஸ் விளக்குகள் எரிந்தன. மற்ற மூவரும் உணவு தேடிப் போக, கூமாப்பட்டிப் பிள்ளை ஊஞ்சலருகே இருந்த திட்டில் அமர்ந்து ஊருக்குப் பேசினான். அங்கே இன்னும் இருட்டவில்லை.

ஊஞ்சலின் கதையைக் கேட்டுக்கொண்ட பாட்டி, முதலில் கேட்டது இதுதான்: "அங்கேயும் ஆண்டாள் ஊஞ்சல் ஆடுதாளா?"

"ஆண்டாள் சிலை இல்லை அப்பத்தா. பாட்டோட பேர் மட்டும் இருக்கு. அர்த்தம் தெரியாமலே சொல்லிக்கிட்டு வர்றாங்க."

"அர்த்தம் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன. அவளுக்குத் தெரியாதா?"

சிறிது நேரம் இருபுறமும் பேச்சில்லை. பிறகு அவன் உண்மையைச் சொன்னான். நான்காம் நாளோடு விட்டுப்போனதையும், நாள்தோறும் பொய் சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னான். பாட்டி கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தான். அவர் வேறொன்றைச் சொன்னார். இவ்வாண்டு மார்கழி பிறந்ததிலிருந்து அவருக்கே நடுவில் வரிகள் மறந்துபோகின்றனவாம். எந்தப் பாசுரத்தில் நிற்கிறோம் என்பது தெரியாமல், தொடக்கத்திலிருந்தே மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறதாம். வீட்டில் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"நீ புத்தகத்தைப் பார்த்துச் சொல்லு ராசா. நான் கூடவே வர்றேன்."

கைப்பேசித் திரையில் பாசுரங்களை எடுத்துவைத்துக்கொண்டு அவன் ஐந்தாவதிலிருந்து தொடங்கினான். சாலையில் வண்டிகள் விரைந்துகொண்டிருந்தன. மறுமுனையில் வாய்க்கால் நீரின் ஓசை கேட்டது. ஏழாவது பாசுரத்தில் பாட்டியின் குரல் அவனை முந்திக்கொண்டு போயிற்று, எட்டாவதில் தயங்கியது, அவன் ஒரு சொல் எடுத்துக்கொடுத்ததும் மீண்டும் ஓடியது. உணவுப் பொட்டலங்களோடு திரும்பிய நண்பர்கள் பேசாமல் அருகில் அமர்ந்தார்கள்.

பத்தாவது முடிந்தது. "நாளைக்குப் பதினொண்ணு. விடியக்காலம் கூப்பிடு" என்றார் பாட்டி. தாய்லாந்து நேரம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி முந்தியது என்று அவன் விளக்கினான்.

"அப்போ உனக்குத்தான் முதல்ல விடியுது. நீயே எழுப்பு" என்று சொல்லிவிட்டு, அவர் தொலைபேசியை வைத்தார்.