தோளுக்கேற்ற துப்பாக்கி

வேட்டை இலக்கியத்தைப் பள்ளி நாட்களிலிருந்தே விரும்பிப் படித்து வந்திருக்கிறோம். ஜிம் கார்பெட், கென்னத் ஆண்டர்சன், ஹெமிங்வே என்று நண்பர்கள் நால்வரிடையே புத்தகங்கள் கைமாறிக்கொண்டே இருந்த காலம் அது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். துப்பாக்கியைப் பற்றிய பத்திகள் வந்தால் தாண்டிப் போய்விடுவோம். .275 என்றும் .450/400 என்றும் வரும் எண்கள் எங்களுக்கு இரயில் வண்டி எண்களைப் போலவே இருந்தன. காடும் புலியும் போதும், கருவியைப் பற்றி நமக்கென்ன என்று இருந்துவிட்டோம்.

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு காட்டுப்பன்றி. சில ஆண்டுகளுக்கு முன் மேற்கு மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கியிருந்தோம். விடியற்காலையில் சோளக்காட்டின் வரப்பருகே அது நின்றுகொண்டிருந்தது. ஆட்களைக் கண்டும் ஓடவில்லை. அதன் கீழ்த்தாடை சிதைந்து தொங்கிக்கொண்டிருந்தது. எங்களுடன் வந்த பெரியவர் சொன்னார்: "அவுட்டுக்காய் கடிச்சிருக்குதுங்க. இனித் தண்ணி குடிக்க முடியாது. சாக மூணு நாலு நாள் ஆகுமுங்க." தின்னும் பொருளுக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வழியில் போட்டுவைப்பதுதான் அவுட்டுக்காய். போட்டவன் அங்கே நிற்க வேண்டியதில்லை. குறி பார்க்க வேண்டியதில்லை. விளைவைப் பார்க்கவும் வேண்டியதில்லை.

அன்றிரவு எங்களுக்கு நினைவு வந்தது சம்பாவத் பெண்புலி. 1907-இல் கார்பெட் சுட்டு வீழ்த்திய அந்தப் புலி 436 மனித உயிர்களைப் பலிகொண்டதாக அவர் எழுதியிருக்கிறார். இறந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. எப்போதோ எவரோ சுட்ட குண்டின் வேலை. வழக்கமான இரையைக் கொல்ல இயலாமற்போன பின்னரே அது மனிதரை நாடியது என்பது கார்பெட்டின் கணிப்பு. அந்தப் பழைய குண்டைச் சுட்டவர் யார், என்ன துப்பாக்கியால் சுட்டார் என்பது எங்கும் பதிவாகவில்லை. நாங்கள் தாண்டிப்போன பத்திகளுக்குத் திரும்பியது இந்தக் கேள்வியோடுதான்.

முதலில் எண்களைப் பழகிக்கொண்டோம். பழைய கணக்கு விசித்திரமானது. குழலின் துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அதுவே அந்தத் துளையின் எண். பன்னிரண்டு உருண்டைகள் ஆனால் 12 துளை. நான்கே ஆனால் 4 துளை. எண் குறையக் குறையத் துளை பெரிது. இலங்கையின் நுவரெலியாவில் குடியேறி யானைகளைச் சுட்ட சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்னும் துப்பாக்கிக்காரரிடம் 1840-இல் செய்வித்துக்கொண்ட ரைஃபிளின் எடை 21 பவுண்டு. ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ. கரிமருந்துக் காலத்தில் குண்டின் வேகத்தை ஓரளவுக்கு மேல் கூட்ட இயலாது. எனவே குண்டைப் பெரிதாக்கினார்கள். குண்டு பெரிதானால் உதைப்பும் பெரிது. அதைத் தாங்கத் துப்பாக்கியும் கனக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார்டைட் என்னும் புகை குறைந்த மருந்து வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. 1898-இல் ரிக்பி நிறுவனத்தார் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவைக் கொண்டுவந்தார்கள். அங்குலத்தில் பாதிகூட இல்லாத துளை, பழைய பீரங்கி போன்ற துப்பாக்கிகளின் வேலையைச் செய்தது. அது பரவிய சில ஆண்டுகளில், 1907-ஐ ஒட்டி, இந்தியாவிலும் சூடானிலும் .450 துளைக்குப் பிரிட்டிஷ் அரசு தடை விதித்தது. மார்ட்டினி ஹென்றி இராணுவத் துப்பாக்கிகளின் துளையும் அதே அளவு என்பதால், தோட்டாக்கள் கிளர்ச்சியாளர் கைக்குப் போய்விடும் என்ற அச்சமே காரணம். உடனே லண்டன் துப்பாக்கிக்காரர்கள் துளையைச் சிறிதே மாற்றி .465, .470, .475 என்று புதியவற்றை வார்த்தார்கள். புகழ்பெற்ற .470 தோன்றியதற்கு யானையின் மண்டையோடு காரணமில்லை. ஒரு பேரரசின் பயம்தான் காரணம்.

தோட்டாவின் வடிவத்துக்குள் வெயிலும் ஒளிந்திருக்கிறது. வெப்பம் ஏறினால் கார்டைட்டின் அழுத்தமும் ஏறும். அழுத்தம் மிகுந்தால் சுட்டபின் பித்தளைக் கூடு அறையோடு ஒட்டிக்கொண்டு வெளிவராது. எதிரே காயப்பட்ட காட்டெருமை நிற்கும்போது அது நேர்ந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே 1911-இல் வந்த .416 ரிக்பிக்கு வேண்டியதைவிடப் பெரிய கூட்டைக் கொடுத்து அழுத்தத்தைக் குறைவாக வைத்தார்கள். இதற்கு எதிர்த்திசையில் போனது 1956-இல் வந்த .458 வின்செஸ்டர். சாதாரண நீளமுள்ள துப்பாக்கிகளுக்கும் பொருந்த வேண்டும் என்று கூட்டைக் குறுக்கி மருந்தை அமுக்கி அடைத்தார்கள். நாட்பட்ட தோட்டாக்களில் மருந்து கட்டிதட்டிப்போய் வேகம் குறைந்ததாகப் பலர் குறைப்பட்டார்கள். ஜாக் லாட் என்ற அமெரிக்கர் 1959-இல் மொசாம்பிக்கில் .458 வைத்திருந்தபோது ஒரு காட்டெருமையால் தாக்குண்டார். பிழைத்து வந்து, 1971-இல் கூட்டை நீட்டி .458 லாட் என்னும் தோட்டாவை உருவாக்கினார். அந்தக் கூடுதல் நீளம் அவர் உடம்பில் பட்ட காயத்திலிருந்து பிறந்தது.

இத்தனை தோட்டாக்களையும் எப்படி ஒப்பிடுவது? ஆப்பிரிக்காவில் பல்லாண்டு வேட்டையாடிய ஜான் டெய்லர் 1948-இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு சூத்திரம் தந்தார். கிரெயினில் குண்டின் எடை, வினாடிக்கு அடிக்கணக்கில் வேகம், அங்குலத்தில் விட்டம் மூன்றையும் பெருக்கி 7000-ஆல் வகுக்க வேண்டும். காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து நாங்களும் போட்டுப் பார்த்தோம். .470-க்கு எழுபதுக்குச் சற்று மேல் வந்தது; .416 ரிக்பிக்கு 58-ஐ ஒட்டி; .375-க்கு நாற்பதைச் சுற்றி. நம் சேலம், தருமபுரிக் காடுகளில் ஆண்டர்சன் சுமந்து திரிந்த .405 வின்செஸ்டருக்கு ஏறக்குறைய 39. எண் பெரிதானால் துப்பாக்கி சிறந்தது என்று தோன்றும். அப்படி நம்பிக்கொண்டிருந்தபோது டபிள்யூ.டி.எம். பெல் குறுக்கிட்டார்.

பெல் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். இதை எழுதும்போதே கை கூசுகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றை .275 என்னும் சிறு துளையால் சுட்டார். டெய்லரின் கணக்கில் அதன் மதிப்பு வெறும் 16. யானையின் தலையை அறுத்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் நின்றால் எங்கே குறி வைக்க வேண்டும் என்று அவர் படித்திருந்தார். உதைக்காத துப்பாக்கியால் கண் சிமிட்டாமல் சுட்டார். சம்பாவத் புலியைக் கொன்றமைக்குக் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்ததும் ஒரு .275 ரிக்பிதான். அப்படியானால் பெருந்துளையே வீண் என்று முடிவு கட்டலாமா? கூடாது. பெல் பெரும்பாலும் தாம் தேர்ந்த நேரத்தில், கலையாத யானைகளைச் சுட்டவர். புதருக்குள்ளிருந்து காயப்பட்ட விலங்கு பாய்ந்து வரும்போது அந்தச் சாவகாசம் எவருக்கும் கிடைப்பதில்லை. பல ஆப்பிரிக்க நாடுகள் ஆபத்தான விலங்குகளுக்கு .375-ஐ ஒட்டிய ஒரு குறைந்தபட்சத் துளையைச் சட்டமாக்கியது இதனால்தான்.

பெரிதைத் தேர்ந்தவன் முதலில் எதிர்கொள்வது தன் தோளை. .470-இன் உதைப்பு சாதாரண .30-06 ரைஃபிளைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. நாலு முறை அடிபட்ட உடம்பு, ஐந்தாம் முறை விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்கிறது. குண்டு குடலில் பாய்கிறது. தேர்ந்த துப்பாக்கிக்காரர்கள் வாங்க வந்தவரின் கழுத்தையும் கைநீளத்தையும் தையற்காரரைப் போல் அளப்பது இதற்காகத்தான். விசையிலிருந்து கட்டையின் அடிவரை உள்ள நீளம் மிகுந்தால் அவசரத்தில் அக்குளில் மாட்டும். குறைந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். கட்டையின் மேல்விளிம்பு சரிந்திருந்தால் உதைக்கும்போது கன்னத்தில் அறையும். அடிப்பாகத்தை அகலமாக்கி ரப்பர் அட்டை பதித்தால் அதே உதைப்பு பரவலாக விழும். கட்டை பிளந்துவிடாமல் குறுக்கே இரும்பு ஆணி ஓட்டுவார்கள். தோள்வாரின் வளையத்தைக் கட்டையில் பொருத்தாமல் குழலிலேயே முன்தள்ளிப் பொருத்துவார்கள். இல்லையெனில் உதைப்பில் அது முன்கையைக் கிழிக்கும். பின்குறியை அகன்ற ஆழமற்ற வெட்டாகவும், முன்குறியைத் தந்தத்தாலோ பொன்னாலோ ஆன தடித்த மணியாகவும் வைப்பார்கள். மங்கிய ஒளியிலும் பதற்றத்திலும் கண் தேடாமலே காண வேண்டும் அல்லவா!

இரட்டைக்குழல் ரைஃபிளைச் சீரமைப்பதைப் பற்றிப் படித்தபோது எங்களுக்கு நாதசுரத்துக்குச் சீவாளி செதுக்குகிறவர் நினைவுக்கு வந்தார். இரு குழல்களையும் இணையாக வைத்தால் இரு குண்டுகளும் ஓரிடத்தில் போய்ச் சேர மாட்டா. வலக்குழல் வெடிக்கையில் துப்பாக்கி வலப்புறம் எகிறும், இடக்குழல் இடப்புறம். எனவே குழல்வாய்களைச் சிறிதே உட்சாய்த்து, இடையில் ஆப்பு வைத்து ஈயப்பற்று இடுகிறார்கள். சுட்டுப் பார்க்கிறார்கள். பற்றை உருக்கி ஆப்பை மயிரிழை நகர்த்துகிறார்கள். மறுபடி சுடுகிறார்கள். இரு குண்டுகளும் அருகருகே விழும்வரை இது தொடரும். அதுவும் ஒரு குறிப்பிட்ட குண்டுக்கும் ஒரு குறிப்பிட்ட மருந்தளவுக்கும் மட்டுமே. தோட்டாவை மாற்றினால் அத்தனை உழைப்பும் கலைந்துவிடும்.

இவற்றைத் தெரிந்துகொண்ட பிறகு பழைய கதைகள் வேறாகத் தெரியத் தொடங்கின. ஆர்வெல்லின் யானைக் கட்டுரையும் ஹெமிங்வேயின் பிரான்சிஸ் மக்கோம்பர் கதையும் வெளியானது ஒரே ஆண்டில், 1936-இல். மௌல்மீனில் ஒரு திராவிடக் கூலியைக் கொன்ற யானையைச் சுட ஆர்வெல் இரவல் துப்பாக்கியும் ஐந்து தோட்டாக்களும் வரவழைக்கிறார். துப்பாக்கியில் குறையில்லை. காதுத்துளையை நோக்கிக் குறி வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. ஐந்தும் தீர்ந்த பின்னும் யானை அரை மணி நேரம் சாகாமல் கிடக்கிறது. மக்கோம்பரின் .30-06 சிங்கத்தின் வயிற்றைக் கிழிக்கிறது. அந்த வலியோடு புல்லில் பதுங்கிய சிங்கத்தின் மனத்துக்குள் ஹெமிங்வே நம்மை அழைத்துப் போகிறார். அதை முடித்துவைக்கும் வில்சனின் கையில் இருப்பது .505 கிப்ஸ். பேக்கருக்குத் துப்பாக்கி செய்த அதே பிரிஸ்டல் கிப்ஸ்! எந்தக் கதையில் யார் கையில் எந்தத் துளை என்பது அலங்காரமாக எழுதப்படவில்லை. இன்னோர் உயிரின் வலிக்கு அவர் எவ்வளவு பொறுப்பேற்கிறார் என்பதன் அளவு அது.

இந்தியாவில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொழுதுபோக்கு வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அது நல்லதே, எங்களில் எவருக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எங்கள் நால்வரில் ஒருவர் இந்தப் புத்தகங்களை இனித் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டார். "கொல்வதற்கு எதற்கு இத்தனை நயம்? நயம் கூடக் கூடக் குற்றவுணர்வுதான் குறைகிறது" என்பது அவர் வாதம். எங்களிடம் முழுமையான பதில் இல்லை. பெல்லின் ஆயிரம் யானைகளும் நயமாகவே செத்தன என்று அவர் சொன்னபோது வாயடைத்துத்தான் போனோம்.

எங்களால் சொல்ல முடிந்தது ஒன்றே. சம்பாவத்தில் கார்பெட் கொண்டுபோன மூன்று தோட்டாக்களும் தீர்ந்த பின், தாசில்தாரின் பழுதான துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு மீண்டும் புலியை நோக்கி ஓடினார். தொடங்கியதை முடிக்காமல் விடலாகாது என்ற அந்த ஓட்டமும், துளையையும் மருந்தையும் கட்டையையும் அளந்து அளந்து தேர்ந்த கவலையும் எங்களுக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. பெருந்துப்பாக்கி சுடுகிறவனையும் உதைக்கிறது. தான் செய்ததில் ஒரு பங்கைத் தன் தோளில் வாங்காமல் அவனால் அதைச் சுட முடியாது.

அவுட்டுக்காய் யாரையும் உதைப்பதில்லை. அந்தப் பன்றி பின்னர் என்னவாயிற்று என்று கேட்கும் துணிவு எங்களுக்கும் இருக்கவில்லை. பெரியவர் வனத்துறைக்குச் சொல்லி அனுப்பினார். நாங்கள் பேருந்து பிடிக்கப் போய்விட்டோம். இப்போதெல்லாம் துப்பாக்கியைப் பற்றிய பத்திகளை நாங்கள் தாண்டுவதில்லை.