சுறாவும் சாயப்பட்டறையும்

பி.காம். படிக்கிறவர்களுக்கு ஐ.வி. என்றால் என்னவென்று தெரியும். இண்டஸ்ட்ரியல் விசிட். தொழிற்சாலையை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்வது என்று சர்க்குலரில் போட்டிருக்கும். திருப்பூர்க்காரர்களுக்குத் தொழிற்சாலை பார்க்க பஸ் ஏற வேண்டிய அவசியமே இல்லை. அருள்புரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினாலே நாலு கம்பெனியின் புகைபோக்கி தெரியும். அதனால் எங்கள் வகுப்பின் ஐ.வி. சென்னைக்கு. முதல் நாள் பேருக்கு ஒரு ஃபேக்டரி. இரண்டாம் நாள் முழுக்க ஈ.சி.ஆர். இதில் எது இண்டஸ்ட்ரியல், எது விசிட் என்றெல்லாம் கேட்கக் கூடாது :)

ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. யுனிவர்சல் கிங்டம் இருக்கிறது அல்லவா, அங்கேயே 2019ல் வி.ஜி.பி. மரைன் கிங்டம் என்று ஒரு மீன் காட்சியகம் திறந்தார்கள். குகை மாதிரி ஒரு கண்ணாடிப் பாதைக்குள் நாம் நடந்து போவோம், தலைக்கு மேலே சுறா போகும். அது திறந்தபோது நான் ஸ்கூல். டிவியில் பார்த்துவிட்டு வீட்டில் ஒரு வாரம் நச்சரித்தேன். அடுத்த வருஷம் கொரோனா வந்து எல்லோருடைய ஆசையையும் சேர்த்து மூடிவிட்டது. ஆக ஊருக்குக் கொஞ்சம் பழசு, எங்கள் பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் புத்தம் புதுசு.

வி.ஜி.பி. பற்றி காமர்ஸ் மாணவியாக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் வீட்டு சாமான்களைத் தவணை முறையில் விற்று வளர்ந்த குடும்பம் அது. நமக்கு அக்கவுண்டன்ஸியில் ஹையர் பர்ச்சேஸ் என்று ஒரு பாடம் வந்து உயிரை வாங்கியதே, அதையே தொழிலாகச் செய்து கடலோரத்தில் இடம் வாங்கிப் பொழுதுபோக்குப் பூங்கா கட்டிவிட்டார்கள். நாம் இன்னும் வட்டியைத் தனியாகப் பிரிக்கத் தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கிறோம். அங்கே சிலை மனிதர் ரொம்பப் பிரபலம். ராஜா காலத்துக் காவலாளி வேஷத்தில் அசையாமல் நிற்பார். எங்கள் வகுப்புப் பையன்கள் அவரைச் சிரிக்க வைக்க அரை மணி நேரம் என்னென்னவோ செய்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நாங்கள்தான் வெட்கப்பட்டுச் சிரித்தோம்.

சரி, மீனுக்கு வருவோம்.

உள்ளே ஐந்து பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். மழைக்காட்டு ஆற்றில் தொடங்கி, அலையாத்திக் காடு, கடலோரம் என்று போய், கடைசியில் ஆழ்கடல். ஆறு கடலில் போய்ச் சேர்கிற மாதிரியே நாமும் நடந்து போய்ச் சேர்கிறோம். நல்ல யோசனை என்றுதான் தோன்றியது. ஆனால் நம் ஜனங்கள் மீன் பார்க்கிற விதமே தனி. எனக்கு முன்னால் போன ஒரு குடும்பத்தில் அப்பா ஒவ்வொரு தொட்டிக்கும் நின்று, "இது குழம்புக்கு நல்லாருக்கும்", "இது வறுவலுக்குத்தான்" என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பையன் ஆரஞ்சு கலரில் எது தெரிந்தாலும் "நீமோ" என்றான். எங்கள் கூட்டம் மட்டும் என்ன, மீனைப் பார்த்ததைவிட மீனுக்குப் பக்கத்தில் தன் முகம் எப்படி விழுகிறது என்று மொபைலில் பார்த்ததுதான் அதிகம்.

சுரங்கப் பாதைக்குள் நுழைந்ததும் எல்லோரும் கொஞ்சம் வாய் மூடினார்கள். திருக்கை ஒன்று வயிற்றை மேலே அழுத்திக்கொண்டு போனது. அதன் வாய் கீழ்ப்பக்கம் இருக்கிறது, அசப்பில் ஒரு குழந்தை முகம் சிரிக்கிற மாதிரி. சுறா யாரையும் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு விஷயம் அப்புறம் படித்தேன். இந்த மாதிரி வளைந்த சுவருக்குப் பின்னால் இருக்கிற மீன் நிஜத்தில் இருப்பதைவிடச் சின்னதாகத்தான் நம் கண்ணுக்குத் தெரியுமாம். ஆக நான் பார்த்து பயந்த சுறா, அதைவிடப் பெரியது. அப்புறம் அது கண்ணாடியும் இல்லை, அக்ரிலிக்.

இப்படி வளைந்த அக்ரிலிக் சுரங்கத்தை முதலில் செய்து காட்டியவர் நியூசிலாந்துக்காரர் கெல்லி டார்ல்டன். கடலுக்குள் மூழ்கிய கப்பல்களில் புதையல் தேடிய டைவர். 1985 ஜனவரியில் ஆக்லாந்து நகரில் திறந்தார், மார்ச் மாதம் இறந்தே போனார், பாவம். அவர் அதைக் கட்டிய இடம் எது தெரியுமா? பயன்படுத்தாமல் விட்டிருந்த பழைய சாக்கடைத் தொட்டிகள்! நகரத்துக் கழிவுநீரைத் தேக்கி வைத்த இடத்தில் சுறா விட்டிருக்கிறார். இதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

(நம் ஊரும் இதில் ஒன்றும் சளைத்ததில்லை. சென்னை மெரினாவில் 1909லேயே மீன் காட்சியகம் திறந்தாகிவிட்டது. அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது.)

சுரங்கத்தை விட்டு வெளியே வருகிற வழியில் ஒரு இடத்தில் பாட்டுச் சத்தம் குறைந்தது. அப்போதுதான் அந்த இன்னொரு சத்தம் கேட்டது. தாழ்ந்த, விடாத ஒரு ம்ம்ம்ம்... சுவருக்குப் பின்னால் மோட்டார் ஓடுகிறது. கூட இருந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில்தான் நான் இருபத்தொரு வருஷமாகத் தூங்கி எழுந்திருக்கிறேன்.

என் அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். டையிங் என்றுதான் நாங்கள் சொல்வோம். அன்று ராத்திரி சுறா வீடியோவை அவருக்கு அனுப்பிவிட்டு போன் செய்தேன். "சுறா பாத்தீங்களாங்ப்பா?" என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி:

"பாத்தேன். தண்ணிக்கு உப்பு எவ்வளவு போடறாங்க கண்ணு?"

எனக்கு எப்படித் தெரியும்? நெட்டில் தேடி, கடல் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்று சொன்னேன்.

"அவ்வளவுதானா? நாங்க ஒரு கருப்புக்கு எழுபது, எம்பது போடறமே!"

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் தண்ணீரில் உப்பு வேண்டும். சோடியம் சல்பேட்டோ சாதா உப்போ. உப்பு இருந்தால்தான் சாயம் தண்ணீரை விட்டுத் துணிக்குப் போகும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும். கருப்பு, நேவி ப்ளூ என்றால் அள்ளிக் கொட்ட வேண்டும். அதாவது நீங்கள் போட்டிருக்கிற கருப்பு டி-சர்ட், கடலைவிட இரண்டு மடங்கு உப்பான தண்ணீரில் குளித்துவிட்டு வந்திருக்கிறது. கடலே இல்லாத ஊரில் தினமும் கடல் கரைக்கிறோம்.

கடலுக்குத் தள்ளி இருக்கிற ஊர்களில் மீன் காட்சியகம் வைக்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். நல்ல தண்ணீரில் உப்பைக் கலந்து கடலாக்குகிறார்கள். பத்து லட்சம் லிட்டர் தொட்டிக்குக் கணக்குப் போட்டால் 35 டன் உப்பு. அப்புறம் அந்தத் தண்ணீரை இரவு பகலாகச் சுத்தம் செய்ய வேண்டும். மீனின் கழிவில் அம்மோனியா வரும், அது மீனையே கொன்றுவிடும். மணல் வடிகட்டி, அழுக்கை நுரையாக்கித் தள்ளுகிற கருவி, அம்மோனியாவைத் தின்று விஷம் குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிற பாக்டீரியா... இவ்வளவும் வேண்டும். எங்கள் ஊர்ப் பெயரிலேயே அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையம் என்று ஒன்று இருக்கிறது. அங்கேயும் பாக்டீரியாதான், வடிகட்டிதான், பம்ப்புதான். அதற்கு மேல் ஆர்.ஓ., அதில் மிஞ்சுகிற உப்புத் தண்ணீரைக் காய்ச்ச எவாப்பரேட்டர். சுத்தமான தண்ணீரும் மீட்ட உப்பும் திரும்பச் சாயப்பட்டறைக்கே போகும். அங்கே உப்பைப் போட்டுக் காப்பாற்றுகிறார்கள், இங்கே உப்பை எடுத்துக் காப்பாற்றுகிறோம். இங்கே டிக்கெட் போட்டுக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறவர்கள் இதை யோசித்துப் பாருங்கள். மீன் காட்சியகத்தில் பெரிய செலவு மீனாக இருக்க முடியாது, தண்ணீர்தான். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மோட்டாரை நிறுத்த முடியாது. 2020ல் உலகமே கதவைச் சாத்தியபோதும் காட்சியகங்களில் பம்ப் ஓடியாக வேண்டும், மீனுக்கு இரை போட்டாக வேண்டும். பக்கா ஃபிக்ஸட் காஸ்ட். ஏமாந்தால் என்ன ஆகும் என்பதற்கு பெர்லின் உதாரணம். 2022 டிசம்பரில் ஒரு ஹோட்டல் முகப்பில் இருந்த அக்வாடோம் என்கிற ராட்சதத் தொட்டி வெடித்து, பத்து லட்சம் லிட்டர் தண்ணீரும் சுமார் 1,500 மீனும் விடியற்காலையில் தெருவுக்கு வந்துவிட்டன.

ஆற்றில் இந்த வேலையை ஆறே சும்மா செய்கிறது. செய்து கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும்.

என் அம்மா பிறந்த ஊர் நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. அம்மிச்சி சின்ன வயதில் கெண்டை, கெளுத்தி, குறவை எல்லாம் ஆற்றில் துண்டு விரித்தே பிடித்திருக்கிறார்களாம். பாசனத்துக்கென்று 1992ல் கட்டிய அந்த அணை திருப்பூர் சாயக்கழிவு தேங்குகிற குட்டையாகிவிட்டது. அணையில் தண்ணீரைத் திறந்து விடாதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சிய ஒரே அணை அதுவாகத்தான் இருக்கும். அம்மிச்சி வீட்டுக் கிணறு உப்பாகி, தென்னை கருகி, மாடு கூட அந்தத் தண்ணீரில் வாய் வைக்காமல் போனது. எங்கள் வீட்டில் வாதி, பிரதிவாதி இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொன்னது. 700க்கும் மேல். கழிவு ஒரு சொட்டும் ஆற்றில் விழாத ஏற்பாட்டைச் செய்துவிட்டுத் திறங்கள் என்று உத்தரவு. எனக்கு அப்போது ஆறேழு வயது. எனக்கு நினைவிருப்பதெல்லாம் அப்பா பகலில் வீட்டில் இருந்ததும், அம்மா கழுத்தில் நகை இல்லாததும், மோட்டார் சத்தம் நின்றுபோய் ராத்திரியில் நாய் குரைப்பது தெளிவாகக் கேட்டதும்தான். ஒருநாள் அம்மிச்சி பஸ்ஸில் ஒரு மூட்டை அரிசியோடு வந்து இறங்கினார்கள். ஜெயித்த கட்சி தோற்ற கட்சிக்கு அரிசி கொண்டு வந்தது! அப்பாவிடம், "மூடுனது நல்லதுதானுங் மாப்பிள்ளை. ஆனா கொழந்தைக என்ன பண்ணுமுங்?" என்றார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, மூட்டையை இறக்கி உள்ளே வைத்தார்.

மூடியது சரியா தப்பா என்று எங்கள் ஊரில் இன்னும் பேசுவார்கள். எங்களுக்கு அது பசி. ஆனாலும் சரி என்றுதான் நான் சொல்வேன். அந்த உத்தரவு மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு இருக்கிற ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் ஃபைலில்தான் ஓடிக்கொண்டிருக்கும். இதை அப்பா முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். "நீ அம்மிச்சி பேத்தி, வேற என்ன சொல்லுவ" என்று சிரித்தார். நொய்யல் இன்னும் நல்ல ஆறாகிவிடவில்லை, நகரத்துச் சாக்கடை கலந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் மீன் என்றால் சந்தையில் வாங்குகிற டேம் மீன்தான். ஒரு பெரிய மீன் உயிரோடு நீந்திப் போவதை நான் முதல் முறையாகப் பார்த்தது ஈ.சி.ஆர். சுரங்கத்தில், டிக்கெட் எடுத்து. ஆற்றங்கரை ஊர்ப் பேத்திக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

வீடியோவை அம்மிச்சிக்கும் காட்டினேன். முழுசாகப் பார்த்துவிட்டு, "இத்தன மீனுக்கும் யாரு சாமி தீனி போடறது?" என்று கவலைப்பட்டார்கள். ஆள் இருக்கிறார்கள் என்றதும்தான் நிம்மதி.

அடுத்த தீபாவளி போனஸில் அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். சுறாவுக்காக அவர் ரொம்ப நேரம் நிற்பார் என்று தோன்றவில்லை. பம்ப் ரூம் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் விசாரிப்பார்.