தும்பையின் நாள்

தோவாளையில் பிறந்தவளுக்குப் பூ என்றால் முதலில் எடைதான். விடிவதற்கு வெகுநேரம் முன்பே சந்தையில் விளக்கு எரியும். பிச்சி, சம்பங்கி, அரளி என்று கூறு கூறாகக் கொட்டியிருக்கும். கிரேந்தி மட்டும் மூட்டையாக வரும். அவிழ்த்துக் கொட்டினால் தரையே மஞ்சளாகிவிடும். மற்ற ஊர்க்காரர்கள் செண்டுமல்லி என்பதைத்தான் நாங்கள் கிரேந்தி என்போம்.

என் அப்பா பூக்கட்டுகிறவர். மாணிக்கமாலை கட்டும்போது எங்களைப் பக்கத்தில் பேசவிட மாட்டார். சிவப்பரளியையும் வெள்ளரளியையும் இதழ் இதழாக மடித்து, இடையிடையே நொச்சி இலை வைத்து, நாரில் சேர்த்துக்கொண்டே போவார். பாய் முடைந்தது போல ஒரு பட்டை வளரும். எட்ட நின்று பார்த்தால் சிவப்புக் கல் பதித்த மாதிரி இருக்கும். 2025-இல் அந்த மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததாகப் படித்தபோது, எனக்கு அப்பாவின் பெருவிரல் நகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மடித்து மடித்து அதன் ஓரம் பச்சையேறிக் கிடக்கும்.

ஓணம் நெருங்கினால் சந்தை இரவும் பகலும் தூங்காது. பூவெல்லாம் வண்டி வண்டியாகக் கேரளத்துக்குப் போகும். 1956 வரை நாங்களும் திருவிதாங்கூர்-கொச்சிதானே. எங்கள் தெருவிலும் அத்தப்பூ போடுவோம். சந்தையில் மிஞ்சியதை முறத்தில் அள்ளிவந்து, வாசலில் வட்டம் கீறி நிரப்பிவிடுவோம். கால்மணி நேர வேலை. பூவுக்குப் பஞ்சமில்லாத ஊரில் யோசிக்க என்ன இருக்கிறது?

கல்யாணமாகிக் கொச்சிக்குப் பக்கத்துத் திருப்பூணித்துறைக்கு வந்தேன். எரூர்ப் பக்கம் ஓட்டு வீடு, வாடகைக்கு. முதல் ஓணத்துக்குத் தம்பி மூன்று கூடைப் பூ அனுப்பியிருந்தான். ஓணத்தின் பத்து நாளில் முதலான அத்தம் நாள் விடியற்காலையில் கூடைகளோடு வாசலுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டுச் சேச்சி தன் முற்றத்தில் குனிந்திருந்தார். அறுபது வயதிருக்கும் அப்போது. சாணம் மெழுகிய ஈரத்தரையில் ஒரே ஒரு வட்டம், சின்னத் தட்டு அளவுக்கு. முழுக்க முழுக்கத் தும்பைப் பூ. எள்ளுக்கு அண்ணன் மாதிரி இருக்கிற அந்த வெள்ளைப் பூவை விரல் நுனியால் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார். என் கூடைகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னு இது மதி, மோளே" என்றார். இன்றைக்கு இது போதும். மூன்று கூடைப் பூவும் அன்று என் கண் முன்னாலேயே வாடியது. எனக்கு அழுகை வந்தது உண்மை.

மறுநாளிலிருந்து அவர் முற்றத்தில்தான் கற்றுக்கொண்டேன். அத்தத்துக்கு ஒரு வட்டம், சித்திரைக்கு இரண்டு. மூன்றாம் நாள் சோதி. நம் சுவாதி நட்சத்திரம். அன்றைக்குத்தான் செம்பருத்திக்கு அனுமதி, அதற்கு முன் சிவப்பு கூடாது. விசாகம், அனுஷம், கேட்டை என்று நாளுக்கு ஒரு வட்டம் ஏறும். மூலம் நாளில் மட்டும் பூக்களத்தைச் சதுரமாகப் போடுவார். மூலத்துக்கு மூலை என்று அவர் சொல்வது எனக்குப் பிடிக்கும். உத்திராடத்துக்குக் களம் முற்றம் நிறைந்துவிடும். நடுவில் வாழைத்தண்டுத் துண்டை நிறுத்தி, ஈர்க்கில் செம்பருத்தியைக் கோத்துக் குத்திவைப்பார். அதற்குக் குடை குத்துவது என்று பெயர். மழை தூறும் ஆவணிக் காலையில் அந்தச் சிவப்புக் குடை அசைவது கண்ணிலேயே நிற்கிறது.

பூ தேடுவதுதான் இதில் பாதி வேலை. முதல் நாள் சாயங்காலமே தெருப் பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள். தாழை ஓலையில் முடைந்த சின்னக் கூடை, இல்லையென்றால் சேம்பிலையைச் சுருட்டிய கும்பிள். தும்பை வேலியோரத்தில் கிடைக்கும். முக்குற்றி என்று இங்கே சொல்கிற மஞ்சள் பூ, விரல் உயரச் செடியில் பூக்கும். குனிந்து தேடாதவன் கண்ணுக்கு அது அகப்படாது. வெட்சியைக் கொத்தாகப் பறித்து வந்து ஒற்றை ஒற்றையாகப் பிரிக்க வேண்டும். காக்காப்பூவின் நீலத்துக்கு ஈர வயல் வரப்பு வரை போக வேண்டும். சங்குப்பூ, கிருஷ்ணகிரீடம், உண்ணிப்பூ, தொட்டாச்சிணுங்கி. பச்சை வேண்டுமென்றால் இலையைப் பொடிப்பொடியாக நறுக்குவது. எந்த வீட்டு மதிலுக்குள் எது பூக்கிறது, எந்தக் குளக்கரையில் எது மிச்சமிருக்கிறது என்று பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அத்துப்படியாக இருந்தது. நானும் அப்படித்தான் இந்த ஊரை அறிந்தேன். கோயில், கடை, பேருந்து நிறுத்தம் எல்லாம் பிறகுதான்.

அத்தம் நாளில் திருப்பூணித்துறையில் வேறொரு கூட்டமும் உண்டு. கொச்சி மகாராஜா பரிவாரத்தோடு ஊர்வலம் போன அத்தச்சமயம். கிறிஸ்தவப் பாதிரியாரான கரிங்ஙாச்சிறைக் கத்தனாரும் முஸ்லிம் பெரியவரான நெட்டூர்த் தங்ஙளும் மீனவர் தலைவரான செம்பில் அரையனும் அதில் உடன் போனதாக இந்த ஊரில் சொல்வார்கள். 1949-இல் சமஸ்தானம் திருவிதாங்கூரோடு இணைந்ததோடு அரசரின் ஊர்வலம் நின்றது. 1961-இல் ஓணம் மாநில விழாவானபோது மக்களே அதைத் திரும்ப எடுத்தார்கள். அரண்மனையான ஹில் பேலஸிலிருந்து கொடி வரும். தெய்யமும் புலிக்களியும் செண்டையும் தெருவை நிறைக்கும். ஆண்டுதோறும் போய்ப் பார்க்கிறேன். ஆனாலும் அன்றைய நாளின் முதல் காட்சி எனக்கு அந்தத் தட்டு அகலத் தும்பை வட்டம்தான்.

ஓண நாட்களில் கடைவீதி ஓரத்தில் மண்ணால் செய்த ஓணத்தப்பன்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். எரூரில் மண் வேலை செய்கிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் கை வேலை. களிமண்ணைப் பிசைந்து, தட்டித் தட்டி, நான்கு பக்கமும் சரிந்து மேலே கூராக முடிகிற வடிவம். வெயிலில் உலர்த்திச் செம்மண் நிறம் பூசுவார்கள். ஒருமுறை ஒரு பாட்டி செய்வதை அருகிலிருந்து பார்த்தேன். அச்சு இல்லை, அளவுகோல் இல்லை. உள்ளங்கையால் ஒரு தட்டு, கட்டை விரலால் ஓர் இழுப்பு, நான்கு பக்கமும் ஒன்று போல வந்து நின்றது. கூடவே முத்தியம்மை, அம்மி, உரல் என்று சின்னச் சின்ன உருவங்கள். முன்பெல்லாம் பக்கத்து வயலிலேயே மண் எடுத்தார்களாம். வயல்கள் வீடுகளாகிவிட்டன, மண் எங்கிருந்தோ லாரியில் வருகிறது. மண்ணுக்குக் கொடுக்கிற விலை அந்தப் பாட்டியின் முகத்தில் தெரிந்தது. ஓணத்தப்பனிடம் பேரம் பேசாதீர்கள் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

வாங்கிவந்த ஓணத்தப்பனைத் திருவோணத்தன்று வாழையிலையில் வைத்து, அரைத்த அரிசி மாவால் கோடு இழுத்து, உச்சியில் தும்பைக் கொத்து செருகுவார்கள். திருக்காக்கரையப்பன் என்றும் அவரைச் சொல்வார்கள். திருக்காக்கரை வாமனமூர்த்தி கோயில் இங்கிருந்து வடக்கே, இடப்பள்ளிக்குப் பக்கம். நம் வைணவர்களுக்கு அது திருக்காட்கரை. நம்மாழ்வார் திருவாய்மொழியில் பாடிய மலைநாட்டுத் திவ்விய தேசம். ஓணத்தைச் சங்க காலத்து மதுரையே கொண்டாடியதை மதுரைக்காஞ்சி சொல்கிறது. அரிசி மாவில் விரல் தோய்த்துக் கோடு இழுக்கும்போதெல்லாம் எனக்கு வேற்றூரில் இருக்கிற நினைப்பே வருவதில்லை. மார்கழியில் சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகிக் கோலத்தின் நடுவில் வைத்த அதே கைதானே.

  

தொண்ணூறுகளுக்குப் பிறகு ஓணக்களம் மெல்ல மெல்ல மாறியது. வீட்டுத் தோட்டங்களில் கட்டடம் எழும்பியது, வேலிகள் மதிலாயின, தும்பை போன இடம் தெரியவில்லை. அலுவலகங்களிலும் அடுக்குமாடிகளிலும் அத்தக்களப் போட்டி வந்தது. தோவாளையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் குண்டலுப்பேட்டையிலிருந்தும் கிரேந்தி, வாடாமல்லி, கோழிக்கொண்டை மூட்டை மூட்டையாக இறங்கியது. ஒரே நாளில் பத்தடி அகலக் களம்! அதில் இருக்கிற திறமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரவெல்லாம் முட்டிபோட்டு வேலை செய்கிற இளம் பிள்ளைகள் அவர்கள். ஆனால் பத்து நாள் வளர வேண்டிய ஒன்றை ஒரே இரவில் முடிப்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நாளைக்கு எந்த நிறம் சேரும் என்று பிள்ளைகள் காத்திருந்த காத்திருப்பு அதில் இல்லை. அதே சமயம், அந்த மூட்டையில்தான் என் தம்பி வீட்டு அடுப்பு எரிகிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் நான் ஒவ்வோர் ஓணத்தையும் கடந்தேன்.

2020 வந்தது. கொரோனா. அந்த ஆண்டு அத்தம் ஆகஸ்ட் 22. வெளிமாநிலப் பூ வேண்டாம், அந்தந்த ஊரில் கிடைக்கும் பூவிலேயே களம் இடுங்கள் என்று அரசு கேட்டுக்கொண்டது. பிறகு அதைத் தளர்த்தினார்கள். ஆனாலும் சந்தை எழும்பவில்லை. தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். "வண்டி ஒண்ணும் போவல்லக்கா. கிரேந்திய செடியிலயே விட்டாச்சு" என்றான். அவன் அதற்குமேல் பேசவில்லை. நானும் என்ன சொல்வது?

ஆனால் அந்தப் பத்து நாளில் தெருவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பள்ளி இல்லாமல் வீட்டுக்குள் கிடந்த பிள்ளைகள் முகக்கவசத்தோடு வெளியே வந்தார்கள். என் பேத்திக்கு அப்போது ஆறு வயது. தும்பை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கோயில் குளத்துச் சுவரோரம், பூட்டிக்கிடந்த ஒரு மனை, ரயில் பாதைக்குப் பக்கத்து மேடு என்று அலைந்து, ஒரு டப்பா மூடி நிறையக் கொண்டுவந்தோம். சேச்சி போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. அவர் முற்றம் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. என் வாசலில் சாணம் கரைத்து மெழுகி, அவர் வைத்த அளவிலேயே ஒரு வட்டம் போட்டேன். பேத்தி இன்னும் போடலாம் ஆச்சி என்றாள். இன்றைக்கு இது மதி என்று என் வாயில் வந்தது.

சாயங்காலம் அந்தப் படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். அனுப்பலாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான் அனுப்பினேன். அவன் திருப்பி ஒரு படம் அனுப்பினான். பறிக்காமல் விட்ட கிரேந்திக் காடு, கண்ணெட்டும் தூரம் மஞ்சள்.

அடுத்த ஆண்டிலிருந்து என் களத்துக்கு ஒரு முறை வைத்துக்கொண்டேன். உள்வட்டங்கள் எல்லாம் இந்த ஊர்ப் பூ: தும்பை, முக்குற்றி, வெட்சி, சங்குப்பூ. எத்தனை கிடைக்கிறதோ அத்தனை அகலம்தான். பூராடத்திலிருந்து வெளிவட்டங்களுக்குத் தம்பியின் கிரேந்தி. உத்திராடத்தன்று அரளி இதழ்களை அப்பா மடித்த மாதிரி மடித்து ஓரத்தில் வரிசையாக வைக்கிறேன். நொச்சி இலைக்கு ஒரு செடி வளர்க்கிறேன். என் மடிப்பு அப்பாவுடையது போல இறுக்கமாக நிற்பதில்லை. காற்றில் சில விரிந்துவிடும், திரும்பத் திரும்ப உட்கார்ந்து மடிக்கிறேன். வழியில் போகிற பூக்காரத் தமிழ்ப் பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, இது தோவாளக் கட்டுல்லா?" என்று கேட்பதுண்டு.

தும்பைக்கு இப்போது ஓடுவதில்லை. ஓட்டை விழுந்த இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் வேலியோர மண்ணையே நிரப்பி வைத்தேன். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் தானாக முளைக்கிறது. அத்தம் நாள் காலையில் பேத்தி வாளி முன்னால் குந்தி உட்கார்ந்து எண்ணிக்கொண்டே பறிப்பாள். ஒவ்வொரு செடியிலும் உச்சிக் கொத்தை மட்டும் தொடமாட்டாள்; அது விதைக்கு. போன முறை எண்ணி முடித்துவிட்டு வந்து, வட்டத்தை மூடப் பதினொன்று குறைகிறது என்றாள். இடைவெளியைச் சற்றே அகட்டி, முதலிலிருந்து திரும்ப வைக்க ஆரம்பித்தோம்.